மண் சுமந்தவர்கள் பேசத் தொடங்கிய வரலாறு

நன்னிலம் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு எதிரே மனு எழுதிக் கொடுப்பது என் தொழில். என் அப்பாவும் இதைத்தான் செய்தார். அவர் காலத்தில் மைக்கூடும் முழுத்தாளும். என் காலத்தில் தட்டச்சுப் பொறியில் தொடங்கி, இப்போது பக்கத்துக் கடைக் கணினிக்கு வந்து நிற்கிறது. எழுதும் விதம் மாறியதே தவிர, வருகிற குறைகள் பெரிதாக மாறவில்லை. பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, வாரிசுச் சான்று, வடிகாலை யாரோ அடைத்துவிட்டார்கள், பயிர்க் காப்பீட்டுப் பணம் வரவில்லை. எல்லாம் ஒருவர் தனக்காகக் கேட்பவை. இவற்றுக்கு நடுவே எப்போதாவது வேறு வகை மனு ஒன்று வரும். அதை ஊரே சேர்ந்து கொண்டுவரும். “எங்கள் ஊரில் ஏதோ வேலை நடக்கப்போகிறதாம். அது என்னவென்று எங்களுக்குச் சொல்லுங்கள். சொன்ன பிறகு எங்களைக் கேட்டு முடிவெடுங்கள்.” இவ்வளவுதான் அந்த மனுவின் சாரம்.

என் அப்பா இப்படி ஒரு மனுவை எழுதி நான் பார்த்ததில்லை. எழுதச் சொல்லி யாரும் வந்ததில்லை. இந்த மனு காவிரிக் கடைமடையில் எப்படிப் பிறந்தது, எந்தெந்தக் கைகள் மாறி என் மேசைக்கு வந்தது என்பதைத்தான் சொல்ல நினைக்கிறேன்.

பழைய காலத்தில் எல்லாரும் கூடி முடிவெடுத்தோம் என்று மேடையில் பேசுகிறவர்கள் குடிமராமத்தை உதாரணம் காட்டுவார்கள். நன்னிலம் வட்டம் ஆறுகளால் கோடு போட்ட நிலம். அரசலாறு, நாட்டாறு, திருமலைராஜனாறு, முடிகொண்டானாறு, புத்தாறு என்று நாலு மைலுக்கு ஓர் ஆறு குறுக்கிடும். ஒவ்வோர் ஆற்றிலிருந்தும் வாய்க்கால், வாய்க்காலிலிருந்து கன்னி, கன்னியிலிருந்து வயல். கோடையில் இவற்றைத் தூர்வாராவிட்டால் தண்ணீர் திறந்தும் பயனில்லை. அதனால் ஆடிக்கு முன் ஊர் கூடி வாய்க்கால் வெட்டும். யாருக்கு எவ்வளவு நிலமோ அந்தக் கணக்குக்கு ஆள் கொடுக்க வேண்டும். அது நல்ல வழக்கம், மறுக்கவில்லை.

ஆனால் யார் வெட்டினார்கள்? நிலத்துக்கு உரியவர் மிராசுதார். மண்வெட்டி பிடித்து மண் சுமந்தவர் அவருடைய பண்ணையாள். எந்த வாய்க்கால் முதலில், மடையை யார் திறப்பது, எந்தத் தெருவுக்கு வடிகால் வேண்டும், வேண்டாம் என்பதையெல்லாம் பேசிய திண்ணையில் அந்தப் பண்ணையாளுக்கு இடமில்லை. 1858இல் கும்பினி அரசு சென்னை மாகாணத்துக்கு ஒரு கட்டாய உழைப்புச் சட்டம் போட்டது. வெள்ளத்தில் கரை உடைந்தால் ஆட்களைக் கட்டாயமாக அழைக்கலாம். குடிமராமத்துக்கு வராதவரிடம் அந்த வேலையின் மதிப்பைப்போல் இரண்டு மடங்கு தண்டம் வாங்கலாம். உழைப்பைக் கேட்க அரசுக்குச் சட்டம் இருந்தது. சொல்லைக் கேட்கச் சட்டம் இல்லை. நம் ஊர்ப் பழம்பெருமையில் நான் மதிக்கிற பகுதியும், மதிக்க முடியாத பகுதியும் இங்கே ஒன்றாகவே கிடக்கின்றன.

அந்தப் பண்ணையாள் வாய் திறக்கவே பெரும் போராட்டம் வேண்டியிருந்தது. 1940களில் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் கீழத்தஞ்சையில் சேரி சேரியாக நடந்து சங்கம் வைத்தார்கள். பண்ணையாளுக்குத் தண்டனையாகக் கொடுத்த சாணிப்பாலும் சவுக்கடியும் நின்றதே முதல் வெற்றி. 1952இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். சுற்றுச்சூழல் பற்றிய கட்டுரையில் இது எதற்கு என்று யாரும் நினைக்க வேண்டாம். கூலியைப் பற்றிக்கூடப் பேச முடியாத மனிதர், தன் ஊர்த் தண்ணீரைப் பற்றி ஆட்சியர் முன்னால் எப்படிப் பேசுவார்?

தண்ணீரின் கதையிலும் இதுவே. 1924 பிப்ரவரி 18இல் சென்னை மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் காவிரி ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன் பேரில் கிருஷ்ணராஜசாகர் உயர்ந்தது, 1934இல் மேட்டூர் அணை எழுந்தது. குறுவையும் சம்பாவும் எந்தத் தேதியில் தொடங்கும் என்பதே அந்த ஒப்பந்தத்தால் மாறியது. அதில் ஒரு விவசாயியின் கருத்தும் கேட்கப்படவில்லை; அந்தக் காலத்தில் அப்படிக் கேட்பது யார் மனத்திலும் தோன்றியிருக்காது.

தோன்றியது 1983இல். தமிழ்நாடு காவிரி நீர்ப்பாசன விளைபொருள்கள் விவசாயிகள் நல உரிமைப் பாதுகாப்புச் சங்கம் என்று நீண்ட பெயர் கொண்ட ஒரு சங்கம், அரசியல் சாசனத்தின் 32ஆவது பிரிவின்கீழ் நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. இரண்டு மாநிலங்களுக்கிடையே உள்ள தகராறில் விவசாயிகள் எப்படி வழக்குப் போடலாம் என்று எதிர்த்தரப்பு கேட்டது. தமிழக அரசு சங்கத்தின் மனுவை முழுமையாக ஆதரித்ததால் அந்தத் தடை நிற்கவில்லை. 1990 மே 4இல் நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா அமர்வு, ஒரு மாதத்துக்குள் நடுவர் மன்றம் அமைக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. ஜூன் 2இல் மன்றம் அமைந்தது. பல சுற்றுப் பேச்சுவார்த்தைகளில் அமைச்சர்களால் முடியாததை விவசாயிகளின் ஒரு மனு முடித்தது. 205 டி.எம்.சி. இடைக்காலத் தீர்ப்பு, 2007இன் இறுதித் தீர்ப்பு, 2018இல் வந்த மேலாண்மை ஆணையம் எல்லாம் அந்த மனுவின் பின்னால் வந்தவை. டெல்டாக்காரர்கள் இதை இன்னும் உரக்கச் சொல்லிக்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம். ஆனாலும் அது நிலம் உடையவர்களின் சங்கம். மண் சுமந்தவர்களின் வழக்கு அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, கடற்கரையிலிருந்து வந்தது.

1991இல் தஞ்சை மாவட்டம் பிரிந்தபோது நன்னிலம் நாகப்பட்டினம் மாவட்டத்தில் போய்ச் சேர்ந்தது. 1997இல் திருவாரூர் மாவட்டம் வரும்வரை நாங்கள் கடற்கரைக்காரர்களோடு ஒரே மாவட்டம். அந்த ஆண்டுகளில்தான் சீர்காழி தொடங்கி நாகை வரை கடலோரத்தில் இறால் பண்ணைகள் வந்தன. ஏற்றுமதிக்கு நல்ல விலை. வெளியூர்க் கம்பெனிகள் நஞ்சை நிலங்களை வாங்கி, வெட்டிக் குளமாக்கி, கடல்நீரை ஏற்றின. பக்கத்து வயலில் உப்பு பூத்தது. குடிநீர்க் கிணறு கரித்தது. நெல் வயலில் நடவு, களை, அறுப்பு என்று ஒரு போகத்துக்குப் பல நாள் வேலை இருக்கும். அதே இடம் குட்டையானால் காவலுக்கு இரண்டு பேர் போதும். நிலத்தை விற்றவர் பணத்தோடு நகரத்துக்குப் போய்விட்டார். விற்பதற்கு ஏதுமில்லாதவர்களுக்குத் தண்ணீரும் போனது, கூலியும் போனது.

வெண்மணிக்குப் பிறகு இந்த வட்டாரத்துக்கு வந்து தங்கி, நிலமற்ற பெண்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதனும் அவர் துணைவியார் கிருஷ்ணம்மாளும். உழுபவரின் நில உரிமைக்காக அவர்கள் 1981இல் தொடங்கிய இயக்கம் லாஃப்டி. தாங்கள் வாங்கிக் கொடுத்த நிலத்தின் வரப்பு வரை உப்புநீர் வந்ததைப் பார்த்து முதலில் சத்தியாகிரகம் இருந்தார்கள். பிறகு 1994இல் ஜெகந்நாதன் பெயரில் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு. அப்போது அவருக்கு வயது எண்பதை ஒட்டி.

அந்த வழக்கில் என்னை இன்றும் வியக்க வைப்பது தீர்ப்பைவிட அதற்கு முன் நடந்த வேலை. நாகபுரியிலுள்ள நீரி ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவியலாளர்களை நேரில் போய்ப் பார்த்துவரச் சொன்னது நீதிமன்றம். அவர்கள் வந்தார்கள், தண்ணீரை எடுத்துச் சோதித்தார்கள், பண்ணைகளால் வரும் வருமானத்தையும் அழியும் வளத்தையும் கூட்டிக் கழித்தார்கள். இறாலை விற்று வரும் காசைவிட, நிலத்துக்கும் நீருக்கும் பிழைப்புக்கும் ஏற்படும் சேதத்தின் மதிப்பு அதிகம் என்று அறிக்கை கொடுத்தார்கள். “கிணறு கரிக்குதுங்க” என்று கூலிக்காரப் பெண் சொன்னது அதுவரை ஒரு புலம்பல். ஆய்வறிக்கையில் ஏறியதும் அது சாட்சியமானது.

1996 டிசம்பர் 11இல் நீதிபதிகள் குல்தீப் சிங்கும் சகீர் அகமதுவும் தீர்ப்பளித்தார்கள். கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் பாரம்பரிய முறை தவிர்த்த இறால் பண்ணைகள் கூடாது. இருப்பவற்றை 1997 மார்ச் 31க்குள் இடிக்க வேண்டும். விளைநிலம், உப்பளம், சதுப்புக் காடு, ஊர்ப் பொதுநிலம் எதையும் இறால் குட்டையாக மாற்றக் கூடாது. சேதம் செய்தவரே ஈடு கட்ட வேண்டும். பண்ணைகளில் வேலை பார்த்த தொழிலாளர்களுக்கு ஆறு ஆண்டுக் கூலி கொடுக்க வேண்டும் என்றுகூட அதில் உண்டு. அதே ஆண்டு ஆகஸ்ட் 28இல்தான் வேலூர்ப் பக்கத் தோல் பதனிடும் ஆலைகளின் வழக்கிலும் இதே நீதிபதி குல்தீப் சிங் தீர்ப்பு எழுதியிருந்தார். ஒரே ஆண்டில் இரண்டு தமிழ்நாட்டு வழக்குகள் இந்தியாவின் சுற்றுச்சூழல் சட்டத்துக்கு முதுகெலும்பு கொடுத்தன.

தீர்ப்பு அப்படியே நடந்துவிட்டதா? இல்லை. மறுஆய்வு மனுக்கள், தடை உத்தரவு, இழுபறி. 2005இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பதிவு செய்துகொண்டால் பண்ணை நடத்தலாம் என்றானது. தீர்ப்பின் கூர்மை மழுங்கியது. ஜெகந்நாதன் 2013இல் காலமாகும்வரை இதை ஒரு குறையாகவே சொல்லிக்கொண்டிருந்திருப்பார் என்று நினைக்கிறேன். ஆனாலும் நிலம் இல்லாதவருக்கும் நிலத்தின் கதியைப் பற்றிப் பேச உரிமை உண்டு என்று நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் ஏற்றுக்கொண்டதை யாராலும் திரும்ப எடுக்க முடியவில்லை.

தீர்ப்பு வந்த நான்கே மாதத்தில், 1997 ஏப்ரல் 10இல், மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு திருத்தம் வெளியிட்டது. 1994 ஜனவரி 27இன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் சேர்ந்தது. 2006 செப்டம்பர் 14இல் வந்த புதிய அறிவிக்கை அதற்கு விரிவான விதிகள் வகுத்தது. அந்த விதிகளை நான் பலமுறை படித்திருக்கிறேன். கூட்டத்துக்கு முப்பது நாள் முன்னதாக, தேசிய நாளேடு ஒன்றிலும் உள்ளூர் மொழி நாளேடு ஒன்றிலும் அறிவிப்பு வர வேண்டும். அறிக்கையின் சுருக்கம் உள்ளூர் மொழியில் ஆட்சியர் அலுவலகம் முதலான இடங்களில் கிடைக்க வேண்டும். ஆட்சியரோ, அவருக்கு அடுத்த நிலை அதிகாரியோ தலைமை ஏற்க வேண்டும். முழுக்கூட்டமும் ஒளிப்பதிவாக வேண்டும். வந்த ஒவ்வொருவருக்கும் பேச வாய்ப்புத் தர வேண்டும். கடைசியில் பதிவான கருத்துகளை உள்ளூர் மொழியில் வாசித்துக் காட்டி, அன்றே கையெழுத்திட வேண்டும். பட்டா இருக்கிறதா என்று கேட்க அதில் ஒரு வரிகூட இல்லை.

அப்படிப்பட்ட ஒரு கூட்டத்துக்கு, பக்கத்து வட்டத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு, ஊர்க்காரர்களோடு போயிருக்கிறேன். எந்த நிறுவனம், என்ன வேலை என்பது இங்கே வேண்டாம். வாசலில் போலீஸ், உள்ளே பிளாஸ்டிக் நாற்காலி, மேசைமேல் தண்ணீர் பாட்டில். திரையில் படம் காட்டினார்கள். திட்ட இடம் ‘பெரும்பாலும் தரிசு’ என்று தமிழ்ச் சுருக்கத்தில் இருந்தது. வரிசையில் நின்ற ஒரு நடவுக்காரப் பெண்மணி ஒலிபெருக்கியை வாங்கினார்.

“ஐயா, நீங்க எந்த மாசம் வந்து பாத்தீங்க?”

“ஏப்ரல், மே” என்றார் ஆய்வு செய்தவர்.

“சித்திரைல வந்து பாத்தா எங்க வயலு எல்லாமே தரிசாத்தாங்க தெரியும். ஐப்பசில ஒரு தடவ வாங்க. நிக்க எடம் இருக்கான்னு பாருங்க.”

மண்டபம் ஒரு கணம் அமைதியானது. ஆட்சியரின் இடத்தில் இருந்தவர் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். அந்தக் கேள்வி ஓர் ஊர்க்குறை மட்டுமல்ல; மதிப்பீட்டு முறையின் அடிப்படையிலேயே கை வைக்கிறது. மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவத்தில் அளவெடுத்தால் போதும் என்பது பொது நடைமுறை. வேறு இடங்களுக்கு அது பொருந்தலாம். வடகிழக்குப் பருவமழையில் வாழ்கிற, ஐப்பசி கார்த்திகையில் வெள்ளம் தாங்கி, அந்த வெள்ளத்தில்தான் சம்பாவை விளைவிக்கிற டெல்டாவை மழை இல்லாத மாதத்தில் அளந்தால், டெல்டாவைத் தவிர மற்ற எல்லாமும் அளவில் வரும். இதை எந்த நிபுணரும் அதுவரை சொல்லவில்லை. கேட்டது, வெயிலில் குனிந்து நாற்று நடுகிற ஒருவர். கூட்டம் என்ற ஒன்று இருந்ததால்தான் அவர் கேட்க முடிந்தது.

அவரே மண்டபத்துக்கு வெளியே என்னிடம் வந்து, “தம்பி, நெலம் அவுங்களுது. ஆனா வேல போனா எனக்குத்தான போவுது? நான் மனுல கையெழுத்துப் போட்டா செல்லுமா?” என்று கேட்டார். செல்லும் என்றேன். கைநாட்டு வைத்தார்.

எண்ணெயும் எரிவாயுவும் எங்கள் பகுதிக்குப் புதிதல்ல. நரிமணம், கமலாபுரம், அடியக்கமங்கலம், குத்தாலம் எல்லாம் நாற்பது ஆண்டுப் பழக்கம். சுரங்கக் குத்தகைப் பட்டியலில் நன்னிலம் என்ற பெயரும் ஒன்று. 1993இல் நரிமணம் எண்ணெயை நம்பிப் பனங்குடியில் சுத்திகரிப்பு ஆலையும் வந்தது. தொடக்கத்தில் யாரும் எதிர்க்கவில்லை. ரோடு வரும், வேலை வரும் என்றார்கள், நாங்களும் நம்பினோம்.

நிலைமையை மாற்றியது மீத்தேன். 2010 ஜூலையில் கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி நிறுவனத்துக்கு மன்னார்குடி வட்டாரத்தில் 691 சதுர கிலோமீட்டரில் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்க ஒப்பந்தம் கிடைத்தது. 2011 ஜனவரியில் மாநில அரசும் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. மன்னார்குடி, நீடாமங்கலம், வலங்கைமான் பக்கத்து ஊர்கள் தங்கள் பெயர் அதில் இருப்பதை வெகுநாள் கழித்தே அறிந்தன. நிலக்கரிப் படுகையிலிருந்து வாயு வெளியேற, முதலில் அங்குள்ள நிலத்தடி நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். கடைமடைக்காரனுக்கு இதைவிட அச்சம் தரும் வாக்கியம் வேறில்லை. இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய் இதைப் படம் வரைந்து விளக்கினார். 2013 ஜூலையில் அரசு திட்டத்தை நிறுத்திவைத்து நிபுணர் குழு அமைத்தது. அந்தப் பிரசாரத்துக்காக வந்த இடத்தில்தான், பட்டுக்கோட்டை அருகே, 2013 டிசம்பர் 30இல் நம்மாழ்வார் உயிர் பிரிந்தது. 2015 அக்டோபரில் மாநில அரசு மீத்தேனுக்கு அனுமதி மறுத்தது.

பிறகு 2017இல் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் எதிர்ப்புப் போராட்டம். அதே ஆண்டு ஜூன் 30இல் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்து தீப்பிடித்தது; போராடிய பேராசிரியர் ஜெயராமன் உள்ளிட்டோர் கைதானார்கள். 2019 ஜூன் 23இல் மரக்காணத்திலிருந்து ராமேஸ்வரம் வரை 596 கிலோமீட்டர் மனிதச் சங்கிலி. அந்த ஆண்டுகளில் நான் எழுதிக்கொடுத்த கிராம சபைத் தீர்மானங்களின் எண்ணிக்கை எனக்கே தெரியாது. ஒடிசாவின் நியமகிரியில் 2013இல் பன்னிரண்டு ஊர்ச் சபைகள் வேண்டாம் என்று சொன்னதும் பாக்சைட் சுரங்கம் நின்றதே, நம் தீர்மானத்துக்கும் அந்த வலு உண்டா என்று இளைஞர்கள் கேட்பார்கள். அது பழங்குடிப் பகுதி. வன உரிமைச் சட்டமும் உச்ச நீதிமன்ற உத்தரவும் அவர்களுக்குத் துணை நின்றன. எங்கள் சபைத் தீர்மானத்துக்கு அந்தச் சட்ட வலு இல்லை. ஆகவே எங்களுக்குச் சட்டப்படி இருந்த ஒரே வாசல் அந்தக் கருத்துக் கேட்புக் கூட்டம்.

அந்த வாசலை 2020 ஜனவரி 16இல் அடைத்தார்கள். எண்ணெய், எரிவாயு இருக்கிறதா என்று பார்க்கத் தோண்டும் ஆய்வுக் கிணறுகள் எல்லாம் பி-2 பிரிவுக்கு மாற்றப்பட்டன. பி-2 என்றால் கருத்துக் கேட்புக் கூட்டம் தேவையில்லை. கிணறு தோண்டிய பிறகு உற்பத்தி தொடங்கும் கட்டத்தில் கேட்போம் என்பது மத்திய அரசின் வாதம். இதை நான் ஏற்கவில்லை. சாலை போட்டு, கோபுரம் நிறுத்தி, கோடிக்கணக்கில் செலவழித்துவிட்டுப் பிறகு ஊரைக் கேட்டால், அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் எதிர்பார்க்கப்படும். அப்போதைய முதலமைச்சர் பழனிசாமியே அதை எதிர்த்துப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார்.

அடுத்த மாதமே, பிப்ரவரி 9இல் தலைவாசலில் அவர் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்தார். 20ஆம் தேதி சட்டம் நிறைவேறியது. புதிதாக எண்ணெய், எரிவாயு, மீத்தேன், ஷேல் வாயுக் கிணறு தோண்டத் தடை. உருக்காலை, செம்பு ஆலை, கப்பல் உடைக்கும் தொழில் ஆகியவற்றுக்கும் தடை. நன்னிலத்தில் பட்டாசு வெடித்தார்கள், நானும் மகிழ்ந்தேன். இன்றும் அது எங்களுக்குப் பெரிய அரண். 2023 மார்ச் இறுதியில் வடசேரி உள்ளிட்ட டெல்டா நிலக்கரிப் படுகைகள் ஏலப் பட்டியலில் வந்தபோது, ஏப்ரல் 8இலேயே அவை நீக்கப்பட்டதற்கு இந்தச் சட்டமும் ஒரு காரணம். ஆனால் ஏற்கெனவே நடக்கும் கிணறுகளை அந்தச் சட்டம் தொடவில்லை. அதைவிட எனக்கு உறுத்துவது வேறு. அந்தச் சட்டம் மண்டலத்தைக் காக்க ஓர் ஆணையத்தை அமைத்தது. மக்கள் கேட்டால் பதில் சொல்லும் கட்டாயத்தை யாருக்கும் வைக்கவில்லை. நமக்கு வேலி கிடைத்தது, பேச்சு கிடைக்கவில்லை. அரசு கொடுத்த வேலியை இன்னொரு அரசு எடுத்துவிட முடியும்.

மொழியையும் சொல்ல வேண்டும். 2020இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையையே மாற்றும் புதிய வரைவு வந்தது. மக்கள் கருத்துச் சொல்லலாம் என்றார்கள். வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருந்தது. ஜூன் 30இல் டெல்லி உயர் நீதிமன்றம், எட்டாவது அட்டவணையின் எல்லா மொழிகளிலும் பெயர்த்து வெளியிட வேண்டும் என்று உத்தரவிட்டு, கால அவகாசத்தை ஆகஸ்ட் 11 வரை நீட்டித்தது. மத்திய அரசு அந்த உத்தரவை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒரு மொழிபெயர்ப்புக்கு இவ்வளவு எதிர்ப்பு எதற்கு என்பதை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை. பல நூறு பக்க அறிக்கையில் தமிழில் கிடைப்பது சில பக்கச் சுருக்கம். மண் வகை, நீர்மட்டம், கழிவுநீர் எங்கே போகும் என்பதெல்லாம் ஆங்கிலப் பக்கங்களில் இருக்கும். ஐப்பசியைப் பற்றிக் கேட்ட அந்தப் பெண்மணிக்கு முழு அறிக்கையும் தமிழில் கிடைத்திருந்தால் இன்னும் என்னென்ன கேட்டிருப்பார்!

உலகம் இதில் எங்கே நிற்கிறது என்று ஒரு வார்த்தை. 1992இல் ரியோ மாநாட்டில் இந்தியா உள்பட எல்லா நாடுகளும் ஏற்ற அறிக்கையின் பத்தாவது கோட்பாடு மூன்று உரிமைகளைச் சொன்னது: தகவல், முடிவெடுப்பதில் பங்கு, நீதிமன்றத்தின் வாசல். ஐரோப்பிய நாடுகள் இதை 1998 ஜூன் 25இல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் சட்டப்படி கட்டுப்படுத்தும் உடன்படிக்கையாகச் செய்துகொண்டன. 2001 அக்டோபர் 30இல் நடைமுறைக்கு வந்தது. இலத்தீன் அமெரிக்க, கரீபிய நாடுகள் 2018இல் எஸ்காசுவில் தங்களுக்கென்று ஒன்று செய்தன. தென்னாசியாவில் அப்படி எதுவும் இல்லை.

இந்தியாவில் நீதிமன்றத்தின் வாசல் கொஞ்சம் திறந்திருப்பது 2010இல் வந்த தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தால். பாதிக்கப்பட்டவர் வக்கீல் இல்லாமலும் போகலாம். இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் ஆயிரம் ரூபாய். ஆனால் தென்னக அமர்வு சென்னை சேப்பாக்கத்தில். வேலையெல்லாம் ஆங்கிலத்தில். சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்து மேல்முறையீடு செய்ய முப்பது நாள். தக்க காரணம் காட்டினால் இன்னும் அறுபது நாள். அதற்கு மேல் ஒரு நாள் தாண்டினாலும் ஏற்க மாட்டார்கள். அனுமதி உத்தரவு டெல்லியின் இணையதளத்தில் ஏறுகிறது. அது நன்னிலத்துக்கு அருகே ஒரு சேரியின் காதில் விழ எத்தனை நாளாகும் என்று சட்டம் எழுதியவர்கள் யோசித்திருக்க வேண்டும்.

ஆகவே எழுதத் தெரிந்தவன் என்ற முறையில் மூன்று கோரிக்கைகள், சில வேண்டுகோள்கள். மத்திய அரசு 2020 ஜனவரி 16 திருத்தத்தைத் திரும்பப் பெற்று, ஆய்வுக் கிணறானாலும் ஊரைக் கேட்ட பிறகே தோண்ட வேண்டும். முழு அறிக்கையும் தமிழில் வேண்டும். டெல்டாவில் அளவெடுப்பது ஐப்பசி கார்த்திகையையும் சேர்த்து இருக்க வேண்டும். படிப்பவர்களுக்கு: ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, ஜனவரி 26, மார்ச் 22, மே 1 ஆகிய நாள்களில் உங்கள் ஊரில் கிராம சபை கூடும். போங்கள். நிலமில்லாத வீட்டுப் பெண்களையும் உடன் அழைத்துப் போங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள். எந்த மனு கொடுத்தாலும் தேதி முத்திரை குத்திய நகலை வாங்கிப் பத்திரமாக வையுங்கள். நாளை தீர்ப்பாயத்தில் முப்பது நாள் கணக்கு எண்ணும்போது அந்த முத்திரைதான் பேசும்.